நாய்க்குப் பிஸ்கட் போட்ட கதை

22 நிமிடக் குறும்படம் ஒன்றுக்காக நான் செய்த காரியங்களில், நினைத்தால் இன்றும் வெட்கமாக இருப்பது ஒரு தெருநாய்க்குப் பிஸ்கட் வாங்கிப் போட்டதுதான். நாய்க்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. ஐந்து டேக் போனது, ஐந்து பாக்கெட் தின்றது. மானம் போனது எனக்கு.

மதுரையில் கல்யாண வீடியோ எடிட் செய்வது என் பிழைப்பு. சிம்மக்கல் பக்கம் ஒரு மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அறை, இரண்டு கம்ப்யூட்டர், சத்தம் போடும் ஏசி ஒன்று. முகூர்த்த மாதங்களில் ஒரு நாளைக்கு 14 மணி நேரம் முன்பின் தெரியாதவர்கள் வீட்டு விசேஷத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கல்யாணம், சடங்கு, காதுகுத்து, வீடு குடிபோவது, எல்லாம்தான். ஆடியிலும் மார்கழியிலும் கை சும்மா இருக்கும். அப்படி ஓர் ஆடியில் எடுத்தது அந்தப் படம்.

படம் ஒரு தண்டல்காரரைப் பற்றியது. தண்டல் என்றால் மதுரைக்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கையில் 8,500 ரூபாய் கொடுப்பார்கள், தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் வாங்குவார்கள். 1,500 முதலிலேயே போய்விட்டது. வாங்கியதற்கு அட்டையில் ஒரு டிக். பூக்காரர், கீரைக்காரர், இட்லிக்கடை, இஸ்திரி வண்டி, இவர்களுக்கெல்லாம் பேங்க் வாசலைவிட அந்த டிவிஎஸ் எக்ஸெல்தான் பக்கம். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. வண்டியும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

என் ஆள் விடிகாலை பூ மார்க்கெட்டில் வசூலைத் தொடங்கி இரவு ஒன்பது மணிக்கு முடிப்பார். வாய் கூசாமல் பேசுவார். நாலு நாள் பாக்கி வைத்த கீரைக்காரப் பாட்டியின் தராசைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு போய்விடுவார். கடைசி இரண்டு நிமிடத்தில்தான் தெரியவரும், பணம் அவருடையதே இல்லை என்று. சம்பளத்துக்கு வசூலிக்கிறவர். குறைகிற ஒவ்வொரு ரூபாயையும் முதலாளி அவர் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார். இதைத் திருப்பம் என்று நினைத்துப் பத்திரமாக ஒளித்து வைத்திருந்தேன்.

முதல் திரையிடல் செல்லூரில், பெரியம்மா வீட்டு மொட்டை மாடியில். மண்டபங்களுக்கு வாடகைக்கு விடுகிற புரொஜெக்டர், கொடிக்கயிற்றில் வெள்ளைப் படுதா, 17 பேர். முடிந்ததும் கைதட்டினார்கள், சொந்தக்காரப் பையன் படத்துக்குத் தட்டுகிற மாதிரி. டீ வந்த பிறகுதான் பேச்சு வந்தது. மெஸ் வைத்திருக்கும் அண்ணன் முதலில் வாயைத் திறந்தார்.

"எல்லாம் நல்லாத்தான்ப்பா இருக்கு. ஆனா அந்தாளப் பிடிக்கவே இல்லையேப்பா."

அவ்வளவுதான், மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். "பிடிக்காத ஆள எதுக்கு இம்புட்டு நேரம் பாக்கணும்?" "ஒரு நல்ல கொணமாச்சும் வச்சிருக்கலாம்ல?" பெரியம்மா மட்டும் சுருக்கமாக, "பய வெளங்க மாட்டான்" என்றார். தண்டல்காரரையா, நடித்தவரையா, என்னையா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பாதிப் படத்தில் ஒருவர் எழுந்து கீழே போனார். பக்கத்து வீட்டு அக்கா, பூக்கட்டி விற்கிறவர். அவரைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

அந்த இரவு மண்டையில் ஒரே குடைச்சல். பார்க்கிறவர்களுக்கு ஆளைப் பிடிக்கவில்லை, அப்படியானால் பிடிக்க வைக்க வேண்டும், இவ்வளவுதான் எனக்கு ஓடியது. யோசனை ஒன்றும் என் சொந்தச் சரக்கு இல்லை. பிளேக் ஸ்னைடர் என்ற ஹாலிவுட் எழுத்தாளர் 2005-ல் எழுதிய திரைக்கதைப் பாடப்புத்தகத்துக்குத் தலைப்பே 'சேவ் தி கேட்'. படம் தொடங்கியதும் நாயகன் ஒரு பூனையைக் காப்பாற்றுகிற மாதிரி ஏதாவது நல்லது செய்துவிட்டால் போதும், சனம் அவன் பக்கம் சாய்ந்துவிடும் என்கிற கணக்கு. இதற்காக நாம் அமெரிக்கா வரை போக வேண்டியதும் இல்லை. எம்.ஜி.ஆர். திரையில் பெரும்பாலும் குடிக்க மாட்டார், சிகரெட்டைத் தொட மாட்டார், தாய் என்றால் உருகிவிடுவார். அவரை 1980-ல் மதுரை மேற்குத் தொகுதியில் ஜெயிக்க வைத்த ஊர் இது. எனக்கு மட்டும் எப்படி வேறு புத்தி வரும்?

ஆக, டீக்கடை வாசலில் என் தண்டல்காரர் ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிப் பிரித்து நாய்க்குப் போட்டார். நாய் வாலாட்டியது. அடியில் லேசாக ஒரு புல்லாங்குழல்கூடப் போட்டேன், ஐயோ.

இரண்டாவது திரையிடல் எடிட்டிங் அறையிலேயே, 11 பேருக்கு. நாய் வாலாட்டியபோது பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எங்களுக்கு ட்ரோன் விடுகிற தம்பி, "இப்ப நாங்க இவர நல்லவர்னு நம்பணும், அதான?" என்றான். பாட்டியின் தராசைத் தூக்குகிற காட்சி வந்ததும் இன்னொரு குரல்: "நாய்க்குப் போட்ட பிஸ்கட்டுக்கு வசூல்டா." மொத்த அறையும் சிரித்தது. படத்திலேயே சிரிப்பு வரக் கூடாத இடம் அது.

நடித்தவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஸ்பெஷல் நாடகத்தில் 30 வருடமாக வேஷம் கட்டுகிறவர். 1918-ல் இதே மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் வந்த ஆட்கள். பங்குனி சித்திரையில் சுற்றுப்பட்டித் திருவிழாக்களில் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய ஆடுவார்கள். அரிச்சந்திரன் நாடகம் என்றால் இவர்தான் காலகண்டய்யர், சந்திரமதியையும் மகன் லோகிதாசனையும் அடிமையாக விலைக்கு வாங்கி வதைக்கிற ஆள். டீக்கடையில் (அதே டீக்கடை, அதே நாயும் இருந்தது) என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்:

"தம்பி, காலகண்டய்யன் கட்டுறப்ப பொம்பளைக மண்ண வாரித் தூத்துவாக. நான் ஒருநாளும் அவன் கெட்டவன்னு நெனச்சுக் கட்டுனதே இல்ல. காசு போட்டு வாங்குன ஆளு வேல செய்ய மாட்டேங்குது, அது அவன் கோவம். அத மட்டும் விடாம பிடிச்சுக்கிருவேன். திட்டுறதச் சனம் பாத்துக்கிரும். நீங்க என்னடான்னா ஒரு நாய வச்சு எனக்காக மன்னிப்புக் கேக்குறீக."

படப்பிடிப்பின் முதல் நாள் அவர் என்னிடம், "தம்பி, இந்தாளு என்னத்துக்கு அலையுறான்?" என்று கேட்டிருந்தார். "அவன் ஒரு சிக்கலான கேரக்டர்ணே" என்று பதில் சொல்லியிருந்தேன். அப்படி ஒரு பதிலை யாரும் எந்த நடிகருக்கும் சொல்ல வேண்டாம். அதை வைத்துக்கொண்டு அவர் எந்தக் கையை எங்கே வைப்பார்?

நாய் காட்சியை அன்றே எடுத்தெறிந்துவிட்டேன். ஆனால் அதற்குப் பதில் என்ன என்று தெரியவில்லை. ஆவணி பிறந்து வேலையும் வந்துவிட்டது.

வந்த முதல் வேலை உசிலம்பட்டிப் பக்கம் ஒரு காதுகுத்து. இரண்டு கேமரா, ஒரு ட்ரோன், மொத்தம் ஆறரை மணி நேரக் காட்சி. அதை இரண்டு மணி நேரமாகக் குறைக்க வேண்டும், கூடவே மூன்று நிமிட டிரெய்லர். எங்கள் பக்கம் தாய்மாமன் இல்லாமல் காதில் ஊசி இறங்காது. பிள்ளை அவர் மடியில்தான் உட்காரணும், தோடு அவர்தான் கொண்டு வரணும், சீர்வரிசை தனி. இந்த மாமா ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தார். போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்பது ட்ரோன் காட்சியில் அவர் நடந்து வந்த கோணலிலேயே தெரிந்தது. வந்ததும் மைக்செட்காரரோடு சண்டை. அப்புறம் மச்சானோடு. சமையல்காரரையும் விடவில்லை. முதல் நாள் எடிட்டில் எனக்கு அவரைக் கண்டாலே எரிச்சல். எந்த ஷாட்டை எடுத்தாலும் ஓரத்தில் நின்று கெடுத்து வைத்திருந்தார்.

இரண்டாம் நாள்தான் கண்ணில் பட்டது. ஆள் சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டே இருந்தார். மைக்செட்காரரோடு மல்லுக்கட்டும்போதுகூட வலது கை நீள்கிறது, இடது கை பை மேலேயே இருக்கிறது. என்ன வைத்திருக்கிறார்? டிரெய்லர் வேலையை அப்படியே விட்டுவிட்டு இரண்டாவது கேமராவின் காட்சிகளைத் தேட ஆரம்பித்தேன். பந்தியில் சாப்பிடும்போது தொடுகிறார். மொய் எழுதுகிற இடத்தைத் தாண்டும்போது தொடுகிறார். யாராவது தோளில் கை போட்டால் சட்டென்று விலகிக்கொள்கிறார். மதியம் சாப்பிடப் போக வேண்டும், போக மனசு வரவில்லை.

நாலாவது மணி நேரத்துக் காட்சியில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பையிலிருந்து எடுத்தார். நகைக்கடையில் மடித்துக் கொடுப்பார்களே, அந்த ரோஸ் காகிதம். பிரித்தால் தோடு. பொடிசு, மிளகு அளவுதான் இருக்கும். கேமரா தற்செயலாக அவர் தங்கை பக்கம் திரும்பியது. அந்தம்மா தோட்டைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், பிள்ளைக்கு வேர்த்திருக்கிறது என்று முந்தானையால் துடைத்தார்.

அதற்குப் பிறகும் எனக்கு அந்த மாமாவைப் பிடிக்கவில்லை. சமையல்காரரை அவர் பேசிய பேச்சு அப்படி. ஆனால் ஒரு பகல் முழுக்க அவரை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை என்பதும் உண்மை.

நம் சனம் படம் பார்க்கும்போது வாயில் வருகிற சொற்களை யோசித்துப் பாருங்கள். ஒன்று, 'நல்லவன்'. இன்னொன்று, 'பாவம்'. மூன்றாவது, 'அப்புறம்?'. நான் என் தண்டல்காரருக்கு முதல் சொல்லை வாங்கிக் கொடுக்கப் பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தேன். மாமாவோ என்னிடம் மூன்றாவதை வாங்கிக்கொண்டு, அந்த வழியாக இரண்டாவதையும் வாங்கிவிட்டார். 'பாவம்' என்கிற சொல்லே நம்மிடம் விநோதமானது. ஒருவன் செய்த கெட்டதுக்கும் அதுதான் பெயர், அவனைப் பார்த்து நாம் உச்சுக்கொட்டுவதற்கும் அதுதான் பெயர். தமிழில் இரண்டும் ஒரே வீட்டில்தான் குடியிருக்கின்றன.

இந்தக் கண்ணோடு பழைய படங்களை யோசித்தபோது, பிடிக்காத ஆளை நம்மவர்கள் பார்க்க மாட்டார்கள் என்பதே பொய் என்று பட்டது. 1954-ல் மட்டுமே இரண்டு உதாரணம் இருக்கிறது. 'அந்த நாள்' படத்தில் சிவாஜி நாட்டு ரகசியத்தை எதிரிக்கு விற்கிறவர், படம் தொடங்கியதும் சுடப்பட்டுச் செத்துப்போகிறவர். பாட்டு ஒன்றுகூட இல்லாத படம். 'ரத்தக்கண்ணீர்' எம்.ஆர்.ராதாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கட்டிய பெண்டாட்டியை ஒதுக்கிவிட்டுத் தாசி வீடே கதியென்று கிடந்து, தொழுநோயோடு தெருவுக்கு வருகிற மோகனசுந்தரம். எங்கள் பெரியப்பா சாகும் வரை குளிக்கும்போது அந்த வசனத்தைத்தான் இழுத்து இழுத்துப் பேசுவார். மோகனசுந்தரம் மாதிரி ஒருவன் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்திருந்தால் செருப்பைத் தூக்கியிருப்பார்.

நம் மண்ணிலேயே எடுத்த ஒன்றும் இருக்கிறது. டங்ஸ்டன் சுரங்க எதிர்ப்புப் போராட்டத்துக்குப் பிறகு எல்லாருக்கும் பேர் தெரிந்துவிட்ட அரிட்டாபட்டிப் பக்கம் பி.எஸ்.வினோத்ராஜ் எடுத்த 'கூழாங்கல்', 2021-ல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கிய படம். கோபித்துக்கொண்டு போன மனைவியைக் கூட்டிவரக் குடிகார அப்பன் மகனையும் இழுத்துக்கொண்டு கிளம்புகிறான். திரும்பும்போது வெயிலில் 13 கிலோமீட்டர் நடை. அப்பன் பேசுவதெல்லாம் வசவு. அவன் நல்லவன் என்று காட்ட ஒரு காட்சி கிடையாது, அவன் சின்ன வயதில் பட்ட கஷ்டம் என்று ஒரு பிளாஷ்பேக் கிடையாது. ஆனால் மேலூர்ப் பக்கம் சித்திரை வெயிலில் செருப்பில்லாமல் ஒரு தடவை நடந்திருந்தால் போதும், அந்த ஆளின் உள்ளங்காலில் நாமும் இருப்போம். குணத்தில் ஒட்டாவிட்டாலும் வெயிலில் ஒட்டிக்கொள்கிறோம். எனக்கு இது பெரிய திறப்பு. என் தண்டல்காரரின் மனசைக் காட்ட நான் பட்ட பாட்டில், அவர் உடம்பு நாள் முழுக்க என்ன செய்கிறது என்று காட்டவே மறந்திருந்தேன்.

இத்தோடு முடிந்திருந்தால், ஆளைப் பிடிக்க வைக்கிற வேலையே வேண்டாம் என்று நான் ஒரே போடாகப் போட்டிருப்பேன். கெடுத்தவர் தமிழய்யா. பள்ளிக்கூடத்தில் எனக்குத் தமிழ் எடுத்தவர், ஓய்வு பெற்றுவிட்டார், முதல் திரையிடலுக்கு வந்து ஒரு வார்த்தையும் பேசாமல் போனவர். தெப்பக்குளத்தைச் சுற்றிச் சாயங்கால நடை போகும்போது பிடித்தேன். என் வாதத்தைப் பூராவும் கேட்டுவிட்டு, "கோவலனை உனக்குப் பிடிக்குமா?" என்றார்.

"பிடிக்காதுய்யா."

"எனக்கும் அம்பது வருஷமா பிடிக்கல. கட்டினவள விட்டுட்டுப் போனான், காசத் தொலைச்சான், கடைசில அவ சிலம்ப விக்க இந்த ஊருக்கு வந்தான். ஆனா இளங்கோவடிகளே ஒரு இடத்துல நாய்க்குப் பிஸ்கட் போட்டிருக்கார், தெரியுமா?"

நான் முழித்தேன். அவர் அடைக்கலக் காதையைச் சொன்னார். மதுரைக்கு வெளியே புறஞ்சேரியில் கோவலன் நிற்கிறான். மாடலன் என்கிற மறையவன் வருகிறான், கோவலன் முன்னால் செய்ததை எல்லாம் எடுத்துச் சொல்கிறான். மதம் பிடித்த யானையின் கையில் சிக்கிய கிழவரைக் காப்பாற்றியது ஒன்று. கீரிப்பிள்ளையைக் கொன்றதால் புருஷன் விட்டுப்போன பெண்ணுக்குப் பொருள் கொடுத்துச் சேர்த்து வைத்தது ஒன்று. பொய்ச்சாட்சி சொன்னவனைப் பிடித்த பூதத்திடம், அவனுக்குப் பதில் என் உயிரை எடுத்துக்கொள் என்று நின்றது ஒன்று.

"இத முதல் காதையிலேயே சொல்லியிருக்கலாம்ல? சொல்லல. புகார்க் காண்டம் முடியுது, ஆளு மேல நமக்கு இருக்கிற கசப்பு அத்தனையும் சேர்ந்து, மதுரை வாசல்ல வந்து நின்ன பிறகு சொல்றார். அதுவும் இன்னொருத்தன் வாயால. கோவலன் தன்னைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை பேசல. அடுத்த காதை என்ன?"

கொலைக்களக் காதை.

"அதான். நல்லவனா ஆக்குறதுக்குச் சொல்லல. வெட்டுறதுக்கு முன்னாடி, வெட்டப்போறது யாரன்னு காட்டுறார்."

அப்புறம் அய்யா சுண்டல் வாங்கினார், அரசியல் பேசினார். நான் வண்டியை நேராகச் செல்லூருக்கு விட்டேன்.

பூக்கட்டுகிற அக்காவைப் பார்க்கத்தான். பாதியில் எழுந்து போனாரே, அதை நான் யாரிடமும் பேசாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். மல்லிகையை நாரில் கட்டிக்கொண்டே பேசினார், தலையை நிமிர்த்தவில்லை. "படம் பிடிக்கலையாக்கா?" என்றேன்.

"பிடிக்கிறது பிடிக்காததுக்கு இதுல என்ன தம்பி இருக்கு. தெனமும் காலைல பாக்குற மூஞ்சி. ராத்திரியும் ஏறி வந்து உக்காந்து பாக்கணுமா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. எந்த மாதிரி எடிட் செய்தாலும் அவரை அந்த மாடியில் உட்கார வைத்திருக்க முடியாது, உட்கார வைக்க நினைப்பதும் நியாயம் இல்லை. வெறுக்கத்தக்க ஆளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்குக் கொஞ்சம் தூரம் வேண்டும். மெஸ் அண்ணனுக்கு அந்தத் தூரம் இருந்தது, எனக்கு இருந்தது. நூறு ரூபாயை முந்தானையில் முடிந்து வைத்துக் காத்திருக்கிறவருக்கு எங்கே இருக்கும்?

கிளம்பும்போது அவராகவே சொன்னார். "ஒண்ணு சொல்றேன். உன் ஆளு நோட்ட எண்ணி எண்ணி வாங்குறான். அவய்ங்க எண்ண மாட்டாய்ங்க. நாங்க நாலா மடிச்சு உள்ளங்கையில வச்சுக் குடுப்போம், அப்படியே பைக்குள்ள போட்டுட்டுப் போயிருவாய்ங்க. ராத்திரி எங்கிட்டாவது வெளக்குல நின்னு பிரிச்சு எண்ணுவான். கொறஞ்சா அவன் கைக்காசு."

"கொறஞ்சா என்ன பண்ணுவான்?"

"மறுநா காலைல எல்லாரையும் சேத்துத் திட்டுவான். யாரு கொறச்சான்னு அவனுக்குத் தெரியாதுல்ல."

என் 22 நிமிடப் படத்தில் இல்லாமல் போனது அந்த ஒரு வரிதான். திருப்பம் என்று கடைசியில் ஒளித்து வைத்திருந்ததைத் தூக்கி முன்னால் கொண்டு வந்தேன். அதுதான் பார்க்கிறவர் பிடித்துக்கொள்ள வேண்டிய கைப்பிடி. கைப்பிடியைக் கழற்றி ஒளித்து வைத்துவிட்டு, கதவைத் திறக்கவில்லையே என்று நான் குறைபட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். படம் இப்போது முந்தின நாள் இரவில் தொடங்குகிறது. தெருவிளக்கு, வண்டி சீட்டின் மேல் நாலாக மடித்த நோட்டுகள், ஒவ்வொன்றாகப் பிரித்து நீவுகிறார், உதடு அசைகிறது. நூறு ரூபாய் குறைகிறது. மறுபடி எண்ணுகிறார். தன் சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நாலாக மடித்து, அதோடு சேர்க்கிறார். 40 விநாடி, வசனம் இல்லை. மறுநாள் காலையில் அவர் வாயைத் திறந்து திட்டத் தொடங்கும்போது, பார்க்கிறவரும் ஒவ்வொரு உள்ளங்கையையும் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கிவிடுகிறார். தராசைத் தூக்குகிற காட்சியில் ஒரு பிரேம்கூட மாற்றவில்லை.

தமிழய்யா சொன்னதையும் விடவில்லை. 19-வது நிமிடத்தில் இட்லிக்கடை அம்மா வேறு யாரிடமோ பேசுகிற பேச்சில் ஒரு வரி: "எம்மவன் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப ரெண்டு நா காசு வாங்காமயே டிக் போட்டுட்டுப் போனான்." தண்டல்காரர் அந்த நேரத்தில் பிரேமிலேயே இல்லை.

மூன்றாவது திரையிடல் மறுபடி அதே மாடி. இந்தத் தடவை நான் சில விஷயங்களை மாற்றிக்கொண்டேன், படம் எடுக்கிற தம்பி தங்கைகளுக்கு உதவும் என்பதால் சொல்கிறேன். திரையைப் பார்க்கவில்லை. படுதாவுக்குப் பக்கவாட்டில் ஸ்டூல் போட்டு, சனத்தைப் பார்த்து உட்கார்ந்தேன். போன் வெளிச்சம் எந்த நிமிடத்தில் யார் முகத்தில் விழுகிறது என்று குறித்துக்கொண்டேன். முடிந்ததும் எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்கவில்லை. முதல் ஆள் என்ன சொல்கிறாரோ அதையே மற்றவர்களும் சொல்வார்கள் என்பதுதான் மெஸ் அண்ணன் எனக்குக் கற்றுக்கொடுத்தது. தனித்தனியாக, டீ கொடுக்கும் சாக்கில் கேட்டேன். 'பிடித்திருந்ததா' என்று கேட்கவே இல்லை. பிடிக்கவில்லை என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை, ஆனால் நோவு எங்கே என்று அவருக்குத் தெரியாது, வயிற்றுவலிக்காரர் மாதிரி. அவர் கை வைத்துக் காட்டுகிற இடத்துக்கு மூன்று நிமிடம் முன்னால் போய்ப் பார்த்தால், அநேகமாக அங்கே எதையோ சொல்லாமல் விட்டிருப்போம். அதனால் "தராசத் தூக்கும்போது என்ன நெனச்சீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

பெரியம்மாவிடம் கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. தெருவிளக்குக் காட்சி ஓடும்போதே, "நாசமாப் போறவன்..." என்று ஆரம்பித்தவர், அதே மூச்சில் "எம்புட்டுடா கொறையுது அவனுக்கு?" என்று முடித்தார்.

மெஸ் அண்ணன் போகும்போது, "இப்பவும் அந்தாளப் பிடிக்கலப்பா" என்றார். படிக்கட்டில் பாதி இறங்கியவர் திரும்பி வந்து, "கொறச்சது அந்த இஸ்திரிக்காரன்தான?" என்றார். படத்தில் அதற்கு விடை இல்லை என்று சொன்னால் அடித்திருப்பார். சிரித்து வைத்தேன். பூக்கட்டும் அக்கா வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

இந்த ஓட்டத்தில் காதுகுத்து வேலை தேங்கிவிட்டது. ஒருநாள் பிள்ளையின் அப்பா போன் செய்தார். சீக்கிரம் கொடுங்கள் என்பார் என்று பார்த்தால், "எம்மச்சான் வர்ற இடத்தப் பூராம் வெட்டிருங்க தம்பி. ஒரு எடத்துலயும் மூஞ்சி தெரியக் கூடாது" என்றார். எங்கள் தொழிலில் இது சகஜம். விசேஷம் முடிந்து வீடியோ வருவதற்குள் இரண்டு குடும்பத்துக்காவது பேச்சுவார்த்தை நின்றிருக்கும். யாரை வெட்ட வேண்டும் என்று ஒரு பட்டியலே வரும். காசு கொடுப்பவர் சொன்னால் வெட்டித்தான் ஆக வேண்டும்.

வெட்டினேன். மைக்செட் சண்டை போனது, பந்தி போனது, மொய் எழுதுகிற இடம் போனது. மடியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை மட்டும் பெரிதாக்கி, மாமா முகம் பிரேமுக்கு வெளியே போகும்படி செய்தேன். ஒன்றை மட்டும் விட்டு வைத்தேன். ரோஸ் காகிதத்தைப் பிரிக்கிற கை. நாலு விநாடி. தோடு எங்கிருந்தோ வந்தாக வேண்டுமே, அது இல்லாமல் காட்சி ஒட்டாது என்று எனக்கு நானே காரணமும் சொல்லிக்கொண்டேன்.

பென்டிரைவ் வாங்கத் தங்கைதான் வந்தார், பிள்ளையின் அம்மா. ஒருதரம் ஓட்டிக் காட்டுங்கள் என்றார். எடியஸ் என்கிற எடிட்டிங் சாஃப்ட்வேரைத் திறந்து டைம்லைனில் வேகமாக ஓட்டிக்கொண்டே வந்தேன். கை வந்ததும், "நிப்பாட்டுங்க" என்றார்.

நிப்பாட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நகத்த வெட்டவே மாட்டான், சின்னப் பிள்ளையில இருந்து" என்றார். அப்புறம், "இது இருக்கட்டும்ணே. வீட்டுக்காரர்ட்டச் சொல்லாதீங்க."

பாக்கி 2,000 ரூபாயை எண்ணி மேஜை மேல் வைத்துவிட்டு, பென்டிரைவைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.